பதினான்காவது வரப்பு

இன்று காலை கைபேசியில் ஒரு செய்தி வந்தது. நேற்று மிக்ஸ் செய்து அனுப்பிய பாட்டைப் பற்றி, அதைப் பாடிய பெண் எழுதியிருந்தாள். "பாய், பாட்டு நல்லா இருக்குது. ஆனா கொஞ்சம் காதுல குத்துது. எனக்கு மட்டும்தானான்னு தெரியல." அவ்வளவுதான் செய்தி. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். கண் தானாகக் கதவுக்குப் பின்னால் போனது. அங்கே ஆணியில் உன்னுடைய ஆரஞ்சுத் துண்டு தொங்குகிறது. எத்தனை தடவை அலசினாலும் அதில் உப்பளத்து வாடை போவதில்லை. சேறும் துருவும் கலந்த அந்த வாடை உனக்குச் சொல்லவா வேண்டும்? எடுத்து மோந்து பார்த்தேன். டீ அப்படியே ஆறிப்போனது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால், "டேய் பயந்தாங்கொள்ளி, ஒரு மெசேஜுக்காடா இப்படி நடுங்கற?" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இந்தப் பயம் எங்கே பிறந்தது என்று உனக்குத்தான் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

2004-இல் என் அண்ணன் துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் கொண்டுவந்து தந்தான். வீட்டுப் பின்னறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, "ஸ்டூடியோ" என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். பாடுகிறவர்களை அம்மாவின் பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளைப் பார்த்துப் பாடச் சொல்வேன். எதிரொலி அடங்கும். பாச்சை உருண்டை நெடியில் பாதிப் பேர் தும்முவார்கள். கோயில் திருவிழாப் பாட்டு, தர்கா சந்தனக்கூட்டுப் பாட்டு, கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாட்டு, எது வந்தாலும் அந்தப் பீரோ முன்னால்தான்.

உனக்கு ரேடியோ செட் தொழில். மரக்காணத்திலிருந்து பெருமுக்கல் வரைக்கும் எந்த விசேஷமானாலும் உன் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். என் முதல் பாட்டை இந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். முடிந்ததும் நான் உன் முகத்தையே பார்த்தேன். "இங்க கேட்டு இன்னா பிரயோஜனம்? உன் பாட்ட ஊரு எதுல கேக்கப் போவுது? என் குழாயிலதான? வா, உப்பளத்துக்குப் போவலாம்" என்றாய்.

அப்படித் தொடங்கியதுதான் நம் பரீட்சை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய்விடுவோம். மோட்டார் கொட்டாய்க் கம்பத்தில் ஒரே ஒரு குழாயைக் கட்டுவாய். கேசட் போடும் வசதியுள்ள பேட்டரி ஆம்ப்ளிஃபயர் என் பக்கத்தில் இருக்கும். சத்தக் குமிழில் உன் மனைவி செல்வியின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாய். எந்தப் பாட்டானாலும் குமிழ் அந்தப் புள்ளியில்தான் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை கூட்டினாலும் அடிக்க வருவாய்.

நான் கேசட்டை ஓட விடுவேன். நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தி வரப்புகளைத் தாண்டித் தாண்டி நடப்பாய். உப்பளத்தில் சுவர் கிடையாது, மரம் கிடையாது. சத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. பாட்டின் வார்த்தை புரியாமல் போகிற இடத்தில் நின்று, திரும்பி, துண்டைத் தூக்கிக் காட்டுவாய். எத்தனையாவது வரப்பு என்று நான் எண்ணிக்கொள்ள வேண்டும். ஆறு என்றால் வீட்டுக்குப் போய் மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். பத்து என்றால் தேறிவிட்டது. பன்னிரண்டு என்றால் அன்றைக்கு டீ உன் செலவு.

அந்தத் துண்டைக் கண்டு நான் எப்படிப் பயந்தேன் தெரியுமா? நீ ஐந்தாவது வரப்பில் கால் வைத்தாலே, அல்லாவே, இன்னும் ஒரு வரப்பு, இன்னும் ஒரே ஒரு வரப்பு என்று துவா கேட்பேன். நீ திரும்பி வந்து சொல்வது அதைவிடப் பயம். "சத்தம் வருது, பேச்சு வரல" என்பாய். ஒரு தடவை சொன்னாயே, "டிரம்ஸ தூக்கி வச்சிக்கிறது உனக்குப் பெருமடா. பாடறவன் கிணத்துக்குள்ள கெடக்கறான், அவனப் போய் யாரு தூக்கறது?" என்று. அன்று உன்னோடு பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து டிரம்ஸைக் குறைத்தேன். மறுநாள் பதினொன்று. நீ ஒருநாளும் என் மனம் நோகுமே என்று ஒரு வரப்பு கூடுதலாக நடந்தது கிடையாது.

பிறகு அந்த மார்கழி ஞாயிறு வந்தது. கடல் உள்ளே வந்ததைப் பற்றி உனக்கு நான் எழுத ஒன்றும் இல்லை. அதற்குப் பின் இரண்டு மாதம் நீ செய்ததை மட்டும் எழுதுகிறேன். நிவாரண முகாமில் உன் செட்டைப் போட்டு, காணாமல் போனவர்களின் பெயர்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்கில் படித்தாய். தலைக்கு நேர் மேலே இரண்டு குழாய். சத்தத்தைக் குறைத்தால் கடைசிக் கொட்டகைக்குக் கேட்காது என்று முழுசாகத் திருப்பி வைத்திருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாய். "இந்தப் பேரு ஒண்ணு படிச்சிட்டு வர்றேன்" என்பாய். அந்தக் குழாய்களுக்கு அடியில் உனக்கு என்ன ஆகிக்கொண்டிருந்தது என்று நம் இருவருக்குமே தெரியவில்லை.

பங்குனியில் மீனவக் குப்பத்துப் பஞ்சாயத்தார், மறுபடி கடல் வந்தால் சனங்களை எச்சரிக்க ஒரு பாட்டுச் செய்து தரச் சொன்னார்கள். அப்போது மணல் லாரி கவிழ்க்கிற சத்தத்துக்கே சனங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலம். வெறும் சைரன் வைத்தால் மிதிபட்டே சாவார்கள், பழகின பாட்டாக இருந்தால் நிதானமாக நடப்பார்கள் என்று நிவாரணத்துக்கு வந்த டீச்சரம்மா ஒருத்தி சொன்னாளாம். எட்டு வரி. குப்பத்துப் பெண் ஒருத்தியே பாடினாள்.

"கடல் பின்னால போனா கரையில நிக்காத,
கைப்பிள்ளை தூக்கிக்கோ, வேற எதையும் தேடாத."

கீழே ஒரு மேளம், மெதுவான நடைக்கு. அதை நான் மிக்ஸ் செய்ய வேண்டும். உன் குழாயில் அது போகும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் உயிர் போகும். இதற்கு முன்னால் என் பாட்டு கெட்டுப் போனால் எனக்கு மானம் போகும், அவ்வளவுதான். இப்போது கையே ஓடவில்லை.

முதல் கேசட்டோடு உப்பளத்துக்குப் போனோம். நீ நடந்தாய். நாலாவது வரப்பில் துண்டு மேலே போய்விட்டது. நாலு! நான் எண்ணினது தப்போ என்று எழுந்து நின்று பார்த்தேன். "பேச்சே வரலடா. மேல் சத்தத்த ஏத்து, அந்த ட்ரெபிள" என்றாய். ஏத்தினேன். ஐந்து. மேளத்தைப் பாதியாக்கினேன். நாலு. இன்னும் ஏத்தினேன். மறுபடி ஐந்து. ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. பயத்தில் என் கைதான் கெட்டுவிட்டது, இனி எனக்கு மிக்ஸ் வராது என்றே நினைத்தேன். அம்மா பள்ளிவாசலில் மந்திரித்த தண்ணீர் வாங்கிவந்து என்னையும் குடிக்க வைத்து, கம்ப்யூட்டர் மேலும் தெளித்தாள். நல்ல வேளை, அது அணைந்திருந்தது.

ஆறாவது கேசட் அன்று நீ நாலில் நின்று துண்டைத் தூக்கியதும், எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குத் தெரியக் கூடாது என்று, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வரப்போடு நடந்தேன். தூரத்தில் கன்னியம்மாக்கா உப்பு வாரிக்கொண்டிருந்தது. குடத்தைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னது இது:

"ஏம்பா, தெனம் இந்தப் பாட்டதான போடறீங்க? எட்டு வரியும் எனக்கு மனப்பாடமா ஆயிடுச்சு. பாட்டு நல்லாதான் இருந்துச்சு, போன வாரம். இப்ப ஏம்பா ஊசியா குத்துது? காதுல துணி வச்சிக்கினு வேல செய்றேன்."

சொல்லிவிட்டு எட்டு வரியும் பாடிக் காட்டியது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் திரும்பிப் பார்த்து வரப்புகளை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். அக்கா நின்றது பதினான்காவது வரப்பு.

அங்கே நின்றபடி உன்னைப் பார்த்தேன். நீ நாலாவது வரப்பில், முதுகைக் காட்டிக்கொண்டு, குழாய்ப் பக்கம் காதைச் சாய்த்து நின்றிருந்தாய். என் கை கெடவில்லை. உன் காது போய்க்கொண்டிருந்தது. பாட்டு பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு நொடி வந்தது. அந்த நொடியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அடுத்த நொடியே பயம் பிடித்தது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? ரேடியோ செட்காரனிடம் உனக்குக் காது கேட்கவில்லை என்று யார் சொல்வது? செல்வி அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். நீ கோபக்காரன் வேறு. இன்னொரு பயமும் இருந்தது. அதை இன்றுதான் எழுதுகிறேன். நீ இல்லாவிட்டால் என் பாட்டுக்கு யார் உண்மை சொல்வார்கள்?

திரும்பி வந்தேன். "இன்னா இவ்ளோ நேரம்?" என்றாய். "அக்கா பேசிக்கினு இருந்துச்சு" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஏத்துடா, சரியா வரும்" என்றாய். சரி என்றேன். வீட்டுக்குப் போய், ஊசியாகக் குத்தும் என்று தெரிந்தே, நீ சொன்னபடி ஏத்தினேன். உன்னிடம் வாய் திறப்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குப்பத்தில் ஒத்திகை. நாலு குழாய், முழுச் சத்தம். முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் குழாயிலிருந்து பாட்டு வரவில்லை. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சல் வந்தது. வார்த்தையெல்லாம் அதில் அரைபட்டுப் போனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையோடு எழுந்தார்கள். யாரோ, "ஐயோ, நெசமாவே வருது!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், மொத்தக் குப்பமும் ரோட்டைப் பார்த்து ஓடியது. ஒரு பெரியவர் வாய்க்காலில் விழுந்து கை முறிந்தது. நான் கேசட்டை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். நீதான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாய்.

எல்லாரும் திரும்பி வந்த பிறகு ஒரு ஆறு வயசுப் பெண் பிள்ளையைக் காணோம். இரண்டு மணி நேரம் தேடினோம். நீயும் நானும் கரையோரமாகப் போனோம். அலை ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நீ அவள் பெயரைக் கூவிக்கொண்டே போனாய். முகாமில் பெயர் படித்த அதே குரல். கடைசியில் சவுக்குத் தோப்புக்குள் கிடைத்தாள். ஒரு மரத்தடியில், இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கினாலும் கையை எடுக்கவில்லை. "பாட்டு இல்ல. கத்துச்சு" என்றாள். என் வாழ்நாளில் என் மிக்ஸைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

குப்பத்துத் தலைவர் நாட்டார் கேட்டார், "இத யாருப்பா கேட்டுப் பாத்து சரின்னு சொன்னது?"

"நான்தாங்க" என்றாய். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிந்ததும், முதன்முதலில் செய்த கேசட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உப்பளத்தில் கேசட்டை ஓட விட்டு, "இன்னிக்கு நானும் உன் கூட நடக்கறேன்" என்றேன். ஒன்றும் கேட்காமல் வந்தாய். நாலாவது வரப்பில் நின்று துண்டைத் தூக்கினாய். நான் நிற்கவில்லை. ஐந்தைத் தாண்டினேன். திரும்பி, உன்னைப் பார்த்து, குழாயில் அப்போது வருகிற வரியைச் சத்தமாகச் சொன்னேன். ஆறு. ஏழு. ஒவ்வொரு வரப்பிலும் நின்று ஒரு வரி. முடிந்து மறுபடி ஆரம்பித்தது, நானும் நடந்தேன். துண்டு தூக்கிய உன் கை மெல்ல இறங்கியது. பதினான்காவது வரப்பில் நான் நின்றபோது நீ வரப்பு மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாய். திரும்பி வருகிற அந்தப் பத்து வரப்பைவிட நீளமான தூரத்தை நான் நடந்ததில்லை.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றாய்.

நான் உன் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் புள்ள காணாம போச்சே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "முன்னாடி" என்றேன்.

அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் பாட்டுல ஒரு கொறைய நான் ஒரு நாளாச்சும் மறைச்சிருக்கனாடா?" என்று மட்டும் கேட்டாய். துண்டை வரப்பிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாய். குழாயைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு மாதம் நீ வரவில்லை. புதுச்சேரியில் டாக்டரைப் பார்த்ததாகவும், போனது திரும்பாது என்று சொன்னதாகவும் செல்வி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் கன்னியம்மாக்காவை நடக்க வைத்துப் பாட்டை முதலிலிருந்து செய்தேன். ஏத்தினதையெல்லாம் இறக்கினேன். அக்காவுக்குத் துண்டு தூக்கத் தெரியாது, புரியாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த நாட்களில் ரோட்டில் யார் ஆரஞ்சு நிறத்தில் எதைப் போர்த்திக்கொண்டு போனாலும் நான் நின்று திரும்பிப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் நீயே வந்து வாசலில் நின்றாய். "எனக்குக் கோவம் இன்னும் போவல. ஆனா குப்பத்துக்குப் பாட்டு வேணும்ல? கேசட்ட குடு" என்றாய். துண்டை எடுத்து நீட்டினேன். "நீயே வச்சிக்கோ. எனக்கு இனிமே அது எதுக்கு?" என்றாய். மன்னித்தேன் என்று நீ சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலை, கடலுக்கு அப்பால் எங்கோ பூமி நடுங்கியது என்று டிவியில் சொன்னார்கள். நாம் பாட்டைப் போட்டோம். அவசரத்தில் நான் போட்ட கேசட் சரியாக உட்காரவில்லை, நீதான் அழுத்திவிட்டாய். சனங்கள் வெளியே வந்தார்கள். யாரும் ஓடவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேளத்தின் நடைக்கு நடந்து, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அன்று கடல் வரவில்லை. நீ குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை, போகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசி ஆள் போனதும் என் தோளைத் தட்டி, "எல்லார் வாயும் ஒண்ணா அசையுதுடா. பேச்சு வருது" என்றாய். அதற்குப் பின் எத்தனையோ பாட்டு செய்துவிட்டேன். எந்தப் பாராட்டும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

அன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வரியும் பாடிக்கொண்டே போனாளே, சவுக்குத் தோப்புப் பெண், அவள்தான் இன்று காலை செய்தி அனுப்பினவள். இப்போது மேடைகளில் பாடுகிறாள். தன் பாட்டை என்னிடம்தான் தருவாள். அந்த நாளெல்லாம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நீ குழாயடியில் நின்ற மாதிரிதான் நானும் இத்தனை வருஷம் ஹெட்ஃபோனுக்குள் கிடந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உனக்கு மட்டும்தான் அப்படி" என்று ஒரு வரி எழுதினால் போதும், நம்பிவிடுவாள். எழுதவும் செய்தேன். அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"உனக்கு மட்டும் இல்லம்மா. எனக்குத்தான் கேக்கலன்னு நெனைக்கறேன்" என்றேன்.

"அதச் சொல்லத்தான் பாய் பயமா இருந்துச்சு. நேத்தே தோணிச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு வச்சிருந்தேன். காலைல மனசு கேக்கல, அனுப்பிட்டேன்" என்றாள்.

பயந்துகொண்டே சொல்லியிருக்கிறாள் பார். நானும் பயந்தேன், ஆனால் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அவளை உப்பளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செல்வி உன் பழைய குழாயையும், சிவப்புப் புள்ளி வைத்த ஆம்ப்ளிஃபயரையும் எடுத்து வைத்திருக்கிறாள். பாட்டுக்காரப் பெண்ணும் நானும் கம்பத்தடியிலிருந்து ஒன்றாக நடக்கப் போகிறோம். நான்தான் முதலில் நிற்பேன் என்று தெரியும், எத்தனையாவது வரப்பில் என்றுதான் தெரியாது. உன் துண்டைக் கொண்டுபோகிறேன். நிற்கிற இடத்தில் தூக்கிக் காட்டுவேன். அவளை நிற்கச் சொல்ல மாட்டேன். அவள் நடக்கட்டும், திரும்பித் திரும்பி வரியைச் சொல்லட்டும். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு வரப்புகளை எண்ணுகிறேன்.